சூதாடும் ஸபையில் சும்மா இருத்தல்

உத்ஸவத்திற்கென்று நெடுந்தூரம் வந்து, பெருமாளை ஸேவித்து, பிரஸாதத்துடன் இம்மலரையும் கையில் பெற்றிருக்கும் அன்பர்கள், இதனுள் அமெரிக்க நாட்டுச் சூதாட்ட நகரம் ஒன்றைப் பற்றிய கட்டுரையைக் கண்டு திகைக்கக்கூடும். அடியேனும் இதை எழுதத் தயங்கியதுண்டு. ஆயினும் பகடைக்கும் நமக்கும் உள்ள உறவு சிறிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபத ஸோபான படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வீட்டுப் பெரியோரும் சிறுவருமாகத் தாயக்கட்டை உருட்டிய நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். பாம்பின் வாயில் அகப்பட்டுக் கீழே இறங்கிய பாட்டி, ஏணியில் ஏறிய பேரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடியும் கட்டையை உருட்டுவாள். விடிந்ததும் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு நீராடப் போவோம். அந்த ஆட்டத்தில் பணயம் என்று எதுவும் இல்லை. தோற்றவன் இழந்தது ஓர் இரவின் உறக்கம் மட்டுமே. அதுவும் அவன் விரும்பித் துறந்தது.

இங்கே சொல்லப்போவது வேறு விதமான ஓர் இரவைப் பற்றியது. 2019ஆம் ஆண்டில் அடியேன் அமெரிக்கா சென்றிருந்தபோது, லாஸ் ஏஞ்ஜலீஸில் வாழும் என் மருமான், அதாவது தமக்கையின் குமாரர், க்ராண்ட் கான்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கைக் காட்டுவதாக அழைத்துச் சென்றார். வழியில் லாஸ் வேகஸ் நகரில் இரண்டு இரவுகள் தங்குவதாக ஏற்பாடு. குழந்தைக்குப் பரீட்சை நேரமாதலால் அவருடைய மனைவி உடன் வரவில்லை. பிள்ளைகளைப் பார்க்க அந்நாடு செல்லும் நம்மவர் பலரும் இவ்வாறே அந்நகரைக் கண்டு வருகின்றனர். ஊர் திரும்பியபின் அதைப் பற்றிச் சற்றே குரலைத் தாழ்த்திப் பேசுவர். “பார்க்கத்தான் போனோம்; ஒரு காசும் வைத்து ஆடவில்லை” என்று கூடவே சேர்த்துக்கொள்வர். அடியேனும் அவ்வாறு சொல்லிக்கொள்ளச் சித்தமாயிருந்தவனே. சூது நடக்குமிடத்தில் ஆடாமல் வேடிக்கை மட்டும் பார்ப்பவனுக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா? இக்கேள்வி அந்தப் பயணத்தில் எழுந்தது.

லாஸ் வேகஸ் என்பது ஸ்பானிய மொழிச் சொல். புல்வெளிகள் என்பது பொருள். மோஹாவி பாலைவனத்தின் நடுவே ஊற்றுக்களும் பசும்புல்லும் இருந்த இடமாதலின் வழிப்போக்கர் இட்ட பெயர் அது. 1905இல் ரயில் கம்பெனியார் மனைகளை ஏலம் விட ஊர் உண்டாயிற்று. 1931இல், நாடெங்கும் பணமுடை மிகுந்திருந்த காலத்தில், நெவாடா மாகாணம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதே ஆண்டில் அருகே கொலராடோ நதியில் ஹூவர் அணைக்கட்டு வேலையும் தொடங்கியது. பாலைவனத்தில் ஓர் ஊர் பிழைக்க வேண்டுமே என்ற கவலையில் பிறந்த சட்டம் அது. நாம் அதைக் கண்டு மூக்கில் விரலை வைக்க வேண்டுவதில்லை. நம் தமிழ்நாட்டு அரசாங்கமே 1968 முதல் பல ஆண்டுகள் லாட்டரிச் சீட்டு விற்றது. 2003இல்தான் இங்கு லாட்டரி தடை செய்யப்பட்டது.

நகருக்குள் நுழைந்த மாலையில் அடியேன் சிறு குழந்தையைப்போல் வாய் பிளந்து நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. எகிப்து நாட்டுக் கூம்பைப்போல் ஒரு விடுதி. பாரிஸ் நகரத்து ஐபல் கோபுரத்தின் பாதி உயரத்தில் மற்றொரு கோபுரம். வெனிஸ் நகரத்தின் பெயர் கொண்ட விடுதியினுள்ளே கால்வாயில் படகு செல்கிறது. மேலே பார்த்தால் மாலை நேரத்து வானம். அது வானமன்று, வண்ணம் தீட்டிய கூரை என்பது சிறிது நேரம் கழித்தே புலனாகும். இன்னொரு விடுதியின் வாசலில் செயற்கை எரிமலை ஒன்று குறித்த நேரத்தில் தீ கக்கிக்கொண்டிருந்தது. 1989இல் திறந்த அவ்விடுதியை 2024இல் மூடிவிட்டனர்.

இந்திரப்ரஸ்தத்து மயஸபை நினைவுக்கு வராமல் இருக்குமா? தண்ணீர் என்று எண்ணிப் பளிங்குத் தரையில் ஆடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவனும், தரை என்று எண்ணி நீரில் விழுந்தவனும் துர்யோதனனே. அவன் அங்கே படையெடுத்துச் செல்லவில்லை. ராஜஸூய யாகத்திற்கு விருந்தினனாகச் சென்று, பின்னும் சில நாள் தங்கி, மாளிகையைச் சுற்றிப் பார்த்தவன். இந்நாளில் சொல்வதானால் உல்லாசப் பிரயாணி. பார்த்ததன் விளைவாகப் பொறாமை பிறந்தது. பொறாமையின் விளைவாகச் சகுனியின் யோசனை பிறந்தது. பாரதத்துச் சூதாட்டத்திற்கு விதை விழுந்தது ஒரு வேடிக்கை பார்த்தலில்தான் என்பதை அடியேன் அந்த வண்ணக் கூரையின் கீழே நின்றபோதுதான் முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் தங்கிய விடுதியில் அறைக்குச் செல்லும் மின்தூக்கியை அடைய வேண்டுமாயின் சூதாட்டக் கூடத்தின் ஊடாகவே நடந்தாக வேண்டும். அக்கூடத்தில் கடிகாரம் இல்லை, ஜன்னலும் இல்லை. நள்ளிரவும் நண்பகலும் அங்கே ஒன்றே. பணத்தைப் பணமாக மேஜைமேல் வைத்து ஆடுவாருமில்லை. வண்ண வில்லைகளாக மாற்றிக்கொள்கின்றனர். நூறு டாலர் என்றால் உறுத்தும் கை, ஒரு வில்லை என்றால் உறுத்துவதில்லை போலும்.

அடியேன் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆகவே சுழலும் சக்கரத்தருகே நின்று அதன் கணக்கைப் பார்த்தேன். ரூலட் என்னும் அந்தச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். அவற்றுடன் ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஆக 38 குழிகள். ஓர் எண்ணின்மேல் ஒரு டாலர் வைத்து அந்த எண் விழுந்தால், வைத்த டாலருடன் மேலும் 35 டாலர் தருவார்கள். ஒருவன் 38 குழிகளுக்கும் ஒவ்வொரு டாலர் வைத்தால் அவன் கையில் திரும்புவது 36. இரண்டு டாலர் விடுதிக்கு. இதில் வஞ்சனை ஏதுமில்லை. எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரியவே நடக்கிறது. நூற்றுக்கு ஐந்தேகால் என்னும் அந்தச் சிறு துண்டு, 2019ஆம் ஆண்டில் வந்த 4 கோடிக்கும் மேற்பட்டவர்களில் ஆடியவர்களின் கையிலிருந்து இரவும் பகலும் உதிர்ந்துகொண்டிருந்தது. அத்ருஷ்டம் என்ற வடசொல்லுக்குக் கண்ணுக்குப் புலப்படாதது என்று பொருள். ஆடுகிறவனுக்கு அது அத்ருஷ்டம். ஆட்டுவிக்கிற விடுதிக்கோ அது பேரேட்டில் முன்கூட்டியே எழுதிவைத்த வரவு.

இவ்வளவையும் கண்டு, தொடாமல் வந்தோம் என்ற பெருமிதத்துடன் அறைக்குத் திரும்பினேன். விசாலமான அறை, இரண்டு கட்டில்கள், ஜன்னலுக்கு வெளியே விளக்குக் கடல். இத்தகைய அறைக்கு வாடகை என்ன என்று மருமானைக் கேட்டேன். “நமக்கு இலவசம், மாமா” என்றார். பெரிய வேலையில் இருப்பவர். ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று எண்ணி மனம் பூரித்தேன். சாப்பாட்டுச் சீட்டும் இலவசம். பழங்களும் ரொட்டியும் பாலும் திருப்தியாக உண்டேன்.

அன்றிரவு உறக்கம் வராமல், மேஜைமீதிருந்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். விடுதியின் உறுப்பினர் அட்டையைப் பற்றியது. ஆடும்போது அந்த அட்டையை இயந்திரத்தில் செருக வேண்டும்; எவ்வளவு வைத்து, எத்தனை நேரம் ஆடினார் என்பது பதிவாகும்; அதற்குத் தக்கபடி அறையும் உணவும் சலுகையாகக் கிடைக்கும். கணக்கன் மூளை சும்மா இருக்கவில்லை. ஒரு சுற்றுக்கு 10 டாலர், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், புரண்ட தொகை 1,600 டாலர். அதில் விடுதி எதிர்பார்க்கும் வரவு ஏறக்குறைய 84 டாலர். அந்த வரவில் ஒரு பகுதியைத் தானே சலுகை என்று திருப்பித் தருவார்கள்? அப்படியானால் இரண்டு இரவுகளுக்கு இத்தகைய அறை இலவசமாகக் கிடைப்பதற்கு ஒருவர் எத்தனை இரவுகள் இழந்திருக்க வேண்டும்? நிமிர்ந்து பார்த்தேன். மணி இரண்டு. அடுத்த கட்டில் விரித்தபடியே கலையாமல் இருந்தது.

கீழே இறங்கிச் சென்றேன். அந்தக் கூடத்தில் தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாயிற்று. ஓர் இயந்திரத்தின் முன்னால் மருமான் அமர்ந்திருந்தார். முகத்தில் ஆசையும் இல்லை, கிளர்ச்சியும் இல்லை. விரல் மட்டும் சில விநாடிக்கொருமுறை அழுந்தியது. ஒருமுறை மணியோசையுடன் ஏதோ பணம் சேர்ந்தது. அப்போதும் அந்த முகம் மாறவில்லை. பிற்பாடு ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அந்நகரத்து இயந்திர ஆட்டக்காரர்களுடன் நெடுங்காலம் பழகி ஆராய்ந்த நட்டாஷா டவ் ஷூல் என்ற அம்மையார் 2012இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவர்களில் பலர் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை. ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகின்றனர் என்கிறார் அவர். வேலை, வீடு, கவலை, தன் நினைவு எல்லாம் அற்றுப்போகும் ஒரு நிலை அவர்களுக்கு வேண்டியிருக்கிறதாம். ஜெயித்த பணமும் அந்த நிலையில் இன்னும் சற்று நேரம் இருப்பதற்கே செலவாகிறது. தன்னை மறக்கவேண்டும் என்ற தவிப்பு மனிதனுக்கு எவ்வளவு பொதுவானது! அதற்கென்று நாம் கோபுர வாசலைத் தேடி வந்திருக்கிறோம். அவர் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பத்தடி தூரத்தில் ஒரு தூணருகே அடியேன் நின்றேன். அருகில் சென்று தோளைத் தொட்டிருக்கலாம். செய்யவில்லை. நாற்பது வயதான மனிதர். தாம் ஸம்பாதித்த பணம். அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த செயல். அவர் செலவில் வந்து, அவர் அளித்த உணவை உண்டவன் நான். இப்படியெல்லாம் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் காணாமல் அறைக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

ஹஸ்தினாபுரத்து ஸபையில் சூது நடந்தபோது ஆடியவர்கள் இருவரே. தருமன் ஒருபுறம், துர்யோதனனுக்காகக் காய் உருட்டிய சகுனி மறுபுறம். மற்றவர் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், க்ருபர் இருந்தார். அவர்களில் எவரும் ஒரு காசு வைத்து ஆடவில்லை. விதுரர் ஒருவர் தொடக்கத்திலேயே தடுத்துப் பேசினார், வசைதான் கிடைத்தது. தன்னையே தோற்றுவிட்ட ஒருவன் பிறகு என்னைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்று திரௌபதி கேட்டபோது, தர்மம் நுட்பமானது என்ற அளவில் பிதாமஹர் நின்றுவிட்டார். எழுந்து நியாயம் பேசியவன் கௌரவருள் இளையவனாகிய விகர்ணன். சிறு வயது முதல் இக்கதையைக் கேட்டுவந்த அடியேன், பீஷ்மருக்கு ஏன் நாவெழவில்லை என்று பலமுறை வியந்திருக்கிறேன். மெத்தென்ற அந்தப் படுக்கையில் புரண்டபோது அந்த வியப்பு அடியேனை விட்டுப் போய்விட்டது. மனிதன் பொருளுக்கு அடிமை, நான் கௌரவர் பொருளால் கட்டுண்டவன் என்று அவரே யுத்தத்தின் தொடக்கத்தில் தருமனிடம் ஒப்புக்கொள்கிறார் அல்லவா? அடியேன் கட்டுண்டது பழமும் ரொட்டியும் இரண்டு இரவுப் படுக்கையுமாகிய பொருளால்.

பார்ப்பதற்குக் குற்றமில்லை என்ற நம்பிக்கையை அந்த நகரம் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது. 1951 முதல் அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலைநிலத்தில் அமெரிக்க அரசாங்கம் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. அதுவும் ஒரு வேடிக்கையாயிற்று. உல்லாசப் பிரயாணிகள் விடுதிகளின் மொட்டைமாடியில் பானமும் கையுமாக விடியும்வரை காத்திருந்து, அடிவானத்தில் எழும் ஒளியையும் புகைக்குடையையும் கண்டு களித்தனர். காற்று அந்தத் தூசியை யூடா மாகாணத்துச் சிற்றூர்களின் மேல் கொண்டு சென்றது. புற்றுநோய் கண்டவர்களுக்கு நஷ்ட ஈடு அளிக்கும் சட்டம் 1990இல்தான் வந்தது. மாடியில் நின்றவர்கள் குண்டு செய்தவர்களல்லர், வெடித்தவர்களுமல்லர், உண்மை. ஆனால் கொண்டாடிப் பார்க்க ஒரு கூட்டம் இருந்ததால் அச்செயலுக்கு ஒரு திருவிழாக் களை ஏற்பட்டது. அதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்று சொல்வது அவ்வளவு எளிதன்று.

ஆயினும் நியாயத்தை ஒரு பக்கமே நிறுத்தலாகாது. இப்போது அங்குள்ள பெருவிடுதிகளின் வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்டது சூதிலிருந்து வருவதன்று. அறை வாடகை, உணவு, ஆடல் பாடல் காட்சிகள் ஆகியவற்றிலிருந்து வருவது. தாம் தங்கும் அறைக்கும் காணும் காட்சிக்கும் முழு விலை கொடுத்துவிட்டு, நீரூற்றுக்களின் நடனத்தைக் கண்டு திரும்பும் குடும்பத்தார்மேல் அடியேன் பழி சுமத்த வரவில்லை. சூதாட்டக் கூடத்துக் காவலர்கள் ஆட்டக்காரரின் உயிரைக் காப்பதும் உண்டு. கூடங்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தவர்களுக்கு அக்காவலர்களே மின் அதிர்ச்சிக் கருவியால் சிகிச்சை செய்தது பற்றி 2000ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. பிறர் கண்ணெதிரே விழுந்து, 3 நிமிடங்களுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தனராம். மிக உயர்ந்த விகிதம் இது. கூரையெங்கும் காமிராக் கண்கள் விழித்திருப்பதால் கைகூடிய நன்மை. உடல் சாய்ந்தால் அக்கண்கள் உடனே கண்டுகொள்கின்றன. உட்கார்ந்தபடியே ஒருவன் சாய்ந்துகொண்டிருந்தால் அவற்றுக்கு அது வேலையன்று. அது பத்தடி தூரத்தில் நின்ற மாமனுடைய வேலை.

வஞ்சனைகளுள் நான் சூது என்று கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணனே சொல்லவில்லையா என்று சிலர் கேட்பர். வஞ்சிப்பனவற்றுள் அது தலையாயது என்பது அங்கே சொல்லப்பட்டது. ஆடலாம் என்று சொல்லப்படவில்லை. சூதைப் பற்றிக் கண்ணனுடைய திருவுள்ளம் இன்னதென்பது வனபர்வத்தில் தெளிவாகத் தெரிகிறது. காட்டில் பாண்டவரைக் காண வந்தபோது, தான் ஸால்வனுடன் போர் செய்யத் தொலைவில் சென்றிருந்ததைச் சொல்லி வருந்துகிறான். த்வாரகையில் இருந்திருந்தால், யாரும் அழையாவிடினும் அந்த ஸபைக்கு வந்து, சூதின் தீமைகளை எடுத்துக் காட்டி ஆட்டத்தைத் தடுத்திருப்பேன் என்கிறான். ஆடினவன் தன் அத்தை மகன், வயதில் மூத்தவன், தர்மம் அறிந்தவன். அவனிடம் போய் நான் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் அப்பேச்சில் எங்கும் இல்லை.

இரண்டாம் இரவும் அந்த அறையிலேயே கழிந்தது. அன்றும் பேசவில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன். பள்ளத்தாக்கையும் கண்டு, திரும்பும் வழியில் பார்ஸ்டோ என்னும் ஊரில் காப்பி அருந்த வண்டியை நிறுத்தினோம். அங்கேதான் கேட்டேன். அறை இலவசம் என்றீர்களே, இதுவரை எவ்வளவு கொடுத்து அந்த இலவசம் கிடைத்தது என்றேன். அவர் நெடுநேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தொகை சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. மூன்று ஆண்டுகளாக நடப்பதாம். மனைவிக்குத் தெரியாதாம்.

அடியேன் 38 குழிக் கணக்கை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, தாம் ஆடும் இயந்திரங்களில் விடுதியின் பங்கு அதைவிடவும் அதிகம் என்று திருத்தினார். கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நளன் கதையில், ருதுபர்ணன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் ஒரு பார்வையில் எண்ணிச் சொல்லி, அந்த எண்ணும் வித்தையையும் பகடையின் ரஹஸ்யத்தையும் நளனுக்கு உபதேசிக்கிறான். உடனே கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறான். அந்தக் கதை அப்போது எனக்கு உதவவில்லை. இவருக்கு வித்தை வந்து வெகு நாளாகியும் கலி போகவில்லை.

வண்டியில் ஏறிய பின்னர் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “முதல் நாள் ராத்திரி நீங்கள் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். இயந்திரத்தின் கண்ணாடியில் தெரிந்தது. ஏன் மாமா கூப்பிடவில்லை?”

மேலே எழுதிய காரணங்கள் எல்லாம் அடியேனிடம் அப்போதும் இருந்தன. ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டிற்குச் சென்றதும் அவரே மனைவியிடம் சொன்னார், அடியேன் உடனிருந்தேன். சூதாட்டத்திலிருந்து விடுபட விரும்புவோர் 1957இல் அந்த லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரிலேயே தொடங்கிய ஸங்கம் ஒன்று உண்டு. பெயரைச் சொல்லாமல், ஊரைச் சொல்லாமல் அங்கே கூடுகிறார்கள். மருமான் அதற்குப் போகத் தொடங்கினார். எட்டு மாதம் ஒழுங்காக இருந்து, பிறகு ஒருமுறை தவறிவிட்டார். முதல் ஆட்டத்தில் இழந்தவையெல்லாம் திரும்பக் கிடைத்து வீடு நோக்கிப் புறப்பட்ட தருமனும், மறுபடி அழைத்தபோது பாதி வழியிலிருந்து திரும்பி வந்தவன்தானே. மருமான் மீண்டும் ஸங்கத்திற்குப் போய்க்கொண்டிருக்கிறார். இம்மலருக்கு இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, தம் பெயர் வேண்டாம், மற்றதை எழுதலாம் என்றார். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து தம் கதையைச் சொல்லுவார்களாம். மற்றவர்கள் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து தோளைத் தொடுவாராம்.